பதினேழாவது அறை

ஸ்டானிஸ்லாஸ் கட்டளையைப் படிக்கவில்லை என்பதைப் பரசுராமன் அலமாரியின் ஆறாவது அறை முடிந்த பிறகுதான் கவனித்தான். அதுவரை கூடத்தில் நான்கு சத்தங்கள் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. அவன் சொல்லும் எண், ஸ்டானிஸ்லாஸ் சீட்டைப் படிக்கும் கரகரத்த குரல், ராஜாத்தி அலமாரியிலிருந்து காகிதம் உருவும் சரசரப்பு, இக்னேஷியஸ் அதைக் கம்பியில் குத்தும் சதக். இப்போது மூன்றுதான் இருந்தன. வேலை மட்டும் நிற்கவில்லை.

"ஏன்யா படிக்கல?" என்றான்.

"படிக்க இன்னா கீது சார்? அதே நாலு சீட்டுதானே திரும்பத் திரும்ப வர்து. மன்ப்பாடமாப் பூட்ச்சு." ஸ்டானிஸ்லாஸ் கண்ணாடியைக்கூடக் கழற்றி வைத்துவிட்டிருந்தார். காலையில் ராயபுரம் மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு வந்த வெள்ளைச் சட்டை, மழையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

திருவொற்றியூரில் கடலோரத் தொழிற்சாலை ஒன்றின் சரக்கு அனுப்பும் கூடம் அது. ஞாயிறு பிற்பகல் இரண்டு மணி. எழுபத்திரண்டாம் வருட ஐப்பசி மழை நான்காவது நாளாகத் தகரக் கூரையை அடித்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் சுத்தமாகப் போய், ஒரே ஒரு டியூப் லைட் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. தார், ஈரச் சாக்கு, எங்கோ காயாமல் அழுகும் கருவாடு. பாரிமுனையைத் தாண்டினாலே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்கிறவன் பரசுராமன். மயிலாப்பூரில் வீடு, வெளிநாட்டில் இரண்டு வருடம் கம்ப்யூட்டர் படிப்பு. இந்த ஊரும் இந்த ஆட்களும் தனக்கு நேர்ந்த அவமானம் என்றுதான் நினைத்தான், அதை மறைக்கவும் இல்லை.

கம்பெனி வாங்கிய கம்ப்யூட்டர் இன்னும் துறைமுகக் கொட்டகையில் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. அதற்குள் அவன் அதற்காக ஒரு மொழியை உருவாக்கிவிட்டான். அதில் ஒரு பெயருக்குள் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். எண், சொல், ஒரு முழு வேலை, எதுவும். முன்கூட்டி இன்னது என்று சொல்லத் தேவையில்லை. அந்த மொழி ஓடுவதற்கு, நிஜ மெஷினுக்குள் ஒரு இல்லாத மெஷினைப் பாவனையாகக் கட்ட வேண்டும். திங்கட்கிழமை பத்து மணிக்கு பம்பாயிலிருந்து தலைமை அலுவலகப் பெரியவர் வருகிறார். அவர் முன் அது ஓடினால் கம்ப்யூட்டர் பிரிவு முழுக்கப் பரசுராமன் கையில். ஓடாவிட்டால் பம்பாய்க்காரன் ஒருவன் வந்து உட்காருவான். இவன் அவனுக்கு ஃபைல் தூக்குவான்.

மெஷின் இல்லை. ஆகவே கூடத்து ஆட்களை வைத்துக் கட்டினான். ஸ்டானிஸ்லாஸ் கட்டளை படிப்பவர். ராஜாத்தி நாற்பது அறைகள் கொண்ட பழைய தபால் அலமாரி. இக்னேஷியஸ் ரசீது குத்தும் கம்பி. கடைசியாகக் குத்தியதுதான் முதலில் வெளியே வரும். நாலாவது ஆள் ரஹீமுன்னிசா. சதக் என்று கேட்டதும் அடுத்த அறையின் எண்ணைச் சொல்ல வேண்டும், நாற்பதுக்குப் பிறகு மறுபடி ஒன்று. கிளியைப் பழக்கினால்கூடச் செய்யும் என்று அவளிடமே சொல்லியிருந்தான். புளியந்தோப்பில் முழங்கால் தண்ணீர் என்று அவள் இன்று வரவில்லை. திட்டித் தீர்த்துவிட்டு, அவள் நாற்காலியில் அவனே உட்கார்ந்தான்.

"ஏழு" என்றான்.

சரசரப்பு. சதக்.

திட்டம் எளிது. அலமாரியில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துக் கம்பியில் குத்து. காலி அறை வந்தால் திரும்பு. கம்பியிலிருந்து உருவி மறுபடி அடுக்கு. பட்டியல் தலைகீழாகிவிடும். பதினைந்து அறைகளில் எண்ணும் சொல்லும் கலந்து போட்டிருந்தான். பதினாறு காலி. அங்கே திரும்பிவிடும். பெரியவர் வாயைப் பிளப்பார்.

"எட்டு."

படிக்காமலே செய்கிறார்கள். அவனுக்கு உள்ளூர ஒரு சிலிர்ப்பு ஓடியது. நேற்றுதான் இவர்களிடம் சொல்லியிருந்தான், புரியும் என்று நினைத்து அல்ல, பேச வேறு ஆள் இல்லாமல்: ஒரே வேலை திரும்பத் திரும்ப வந்தால் ஒவ்வொரு தடவையும் சீட்டைப் படித்துக்கொண்டிருக்கக் கூடாது, நேரடியான செயலாக மாற்றிக்கொண்டு சீட்டை மறந்துவிட வேண்டும், அதைச் செய்வதுதான் கம்பைலர். மூன்று பேரும் மாடு மழையைப் பார்ப்பதுபோல் பார்த்திருந்தார்கள். இப்போது அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள்.

"ஒன்பது. பத்து."

பத்தில் இருந்த சொல் வாழைப்பழம். ராஜாத்தி அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. தன் சோற்றுப் பையைத் திறந்து, ஒரு பழத்தை எடுத்து நீட்டினாள். இக்னேஷியஸ் அதை வாங்கி, ஒன்பது சீட்டுகளின் மேல் நிதானமாகக் குத்தினான். தோல் வெடித்து, கூழ் கம்பியில் வழிந்தது. இனிப்பு வாடை கருவாட்டு நாற்றத்தோடு கலந்தது.

"என்ன கிண்டலா? மூளையை வீட்லயே கழட்டி வெச்சுட்டு வந்தீங்களா எல்லாரும்?" அவன் மேஜையைத் தட்டினான்.

"யோசிக்காத, சொன்னதச் செய்யினு நீங்கதானே சார் சொன்னீங்கோ?" ராஜாத்தி வியாசர்பாடிக்காரி, சாதாரணமாக வாய் நீளம். இப்போது குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "நாங்க ஒண்ணியும் யோசிக்கல."

"நிறுத்துங்க. முதல்லேர்ந்து போகணும்."

யாரும் அசையவில்லை. மூன்று பேரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

"பதினொன்று" என்றது அவன் குரல்.

சரசரப்பு. சதக்.

பழக்கம், என்று நினைத்துக்கொண்டான். காலையிலிருந்து சொல்லிச் சொல்லி நாக்கு அந்தத் தடத்தில் விழுந்துவிட்டது. இந்த முட்டாள்களோடு அரை நாள் உட்கார்ந்தால் எவனுக்கும் இப்படித்தான் ஆகும். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். துடைக்கும்போதே பன்னிரண்டு சொல்லியிருந்தான், அது முடிந்திருந்தது.

பதிமூன்று, குடை. இக்னேஷியஸ் ஆணியில் மாட்டியிருந்த பரசுராமனின் குடையை எடுத்து வந்தான். மூட்டை தூக்கிப் பழகிய அகலமான கை. கறுப்புத் துணி கிழியும் சத்தம் மழையையும் மீறிக் கேட்டது.

அப்போதுதான் அவன் கண் தானாக அலமாரியின் நடு வரிசைக்குப் போனது. பதினேழு. அதில் ஒரு சீட்டு நீட்டிக்கொண்டிருந்தது.

நேற்று இக்னேஷியஸ் கேட்டான்: "எத வேணா வெக்கலான்றீங்களே, ஆளக்கூட வெக்கலாமா சார்?" கேலியா, நிஜமாகவே கேட்டானா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளப் பரசுராமனுக்கு அக்கறையும் இல்லை. கைக்குக் கிடைத்த சீட்டில் தன் பெயரை எழுதி, "இந்தா, என்னையே வெச்சுக்கோ, போதுமா?" என்று பதினேழில் செருகினான். பட்டியலுக்கு வெளியே இருந்த அறை. பதினாறு காலி. அங்கேயே திரும்பிவிடும். அதற்கு மேல் போகாது.

போகாது.

ஆனாலும் எழுந்து போய் அந்தச் சீட்டை உருவினான். பரசுராமன். அவன் கையெழுத்துதான். ஏதோ தோன்றித் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்தில் அதே கையெழுத்தில்: காலி என்றால் திரும்பு.

கைக்குக் கிடைத்த சீட்டு. நான்காவது கட்டளைச் சீட்டு. ஸ்டானிஸ்லாஸின் கட்டிலிருந்து அவனே உருவிய சீட்டு. அந்த மனுஷன் காலையில் மூன்று சீட்டைப் படித்துவிட்டு, நான்காவதை மனதிலிருந்துதான் சொல்லியிருக்க வேண்டும். அல்லது, மறுபடி முதலிலிருந்து என்று மட்டும் சொல்லியிருக்க வேண்டும். எதைச் சொன்னார்? பரசுராமன் ஒரு தடவைகூடக் காது கொடுத்துக் கேட்டதில்லை.

"பதினான்கு." தன் குரல், தனக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் இருந்தது.

"இந்தாங்க, இதப் படிங்க." சீட்டை ஸ்டானிஸ்லாஸின் முகத்துக்கு நேரே நீட்டினான். "காலின்னா திரும்பணும். புரியுதா? பதினாறுல திரும்பணும்."

"சீட்டு எதுக்கு சார்?" அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதான் பாடமாப் பூட்ச்சே."

"ஸ்டானிஸ்லாஸ். உங்களைத்தான். தயவு செஞ்சு."

தயவு செஞ்சு என்ற சொல்லை அவன் இந்தக் கூடத்தில் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கண்ணிமைகூட அசையவில்லை.

சதக்.

"பதினைந்து."

பல்லி. ஆறெழுத்துச் சொல், மூன்றெழுத்துச் சொல் என்று தேடி எழுதும்போது சுவரில் ஒன்று ஓடியதால் எழுதிய சொல். ராஜாத்தி டியூப் லைட்டுக்குப் பின்னால் கைவிட்டாள். தேடவில்லை, தடவவில்லை. எங்கே இருக்கிறது என்று தெரிந்தவளாக எடுத்தாள். இக்னேஷியஸ் குத்தினான். வால் தனியாக மேஜைமேல் விழுந்து துள்ளியது. கம்பியில் இருந்த உடம்பின் கால்கள் நான்கும் காற்றை மிதித்தன.

பரசுராமன் ஒரு வெற்றுச் சீட்டில் எழுதினான். நிறுத்து. அவசரத்தில் எழுத்து கோணியது. "இது கட்டளை. நான் கொடுக்கற கட்டளை. இப்பவே."

ராஜாத்தி வாங்கினாள். புதிதாக எது வந்தாலும் கடைசிச் சீட்டுக்கு அடுத்த அறையில் வை என்று அவளுக்குச் சொல்லியிருந்தான். அவள் அதைப் பதினெட்டில் வைத்தாள்.

"பதினேழு காலிடி! பாரு! சீட்டை எடுத்துட்டேன், என் கையில இருக்கு!"

"சீட்டு இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா சார்? அதுல கீறது நீங்கதானே."

வாய். வாயை மூடினால் போதும். எண் வந்தால்தானே அறை. அறை வந்தால்தானே கம்பி. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தான். பத்து அடி. மழை. தார் வாடை. தாழ்ப்பாளில் முழங்கையை வைத்துத் தள்ளினான். திறந்தது. ஈரக் காற்று முகத்தில் அடித்தது. வெளியே முற்றம் முழுக்கத் தண்ணீர், அப்பால் வாசல், அப்பால் எண்ணூர் போகும் சாலையில் விளக்குப் போட்டுக்கொண்டு ஒரு பஸ். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த பஸ்ஸில் யார் பக்கத்தில் வேண்டுமானாலும் உட்காரலாம். மீன் கூடைக்காரி மடியில்கூட உட்காரலாம்.

"பதினாறு."

விரல்களுக்கு நடுவிலிருந்து வந்தது. தெளிவாக. ரஹீமுன்னிசாவுக்கு அவன் சொல்லிக்கொடுத்த அதே தொனியில்.

"காலி" என்றாள் ராஜாத்தி.

யாரும் திரும்பவில்லை. சதக் இல்லை. குத்த எதுவும் இல்லை.

சத்தம் வந்தால்தான் அடுத்த எண். சத்தம் வரவில்லை. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். கூரையில் மழை. டியூப் லைட்டின் ரீங்காரம். வராது. இனி வராது. இங்கேயே நின்றுவிடும்.

இக்னேஷியஸ் வெறும் காற்றை இரண்டு விரலால் பிடித்து, கம்பியின் மேல் கொண்டுவந்து, மெதுவாகக் கீழே அழுத்தினான்.

சதக் என்று கேட்டது.

பரசுராமனின் கால்கள் திரும்பின. அவன் திருப்பவில்லை. பத்து அடி. நாற்காலி. உட்கார்ந்தான். வாயைப் பொத்தியிருந்த கைகள் ஒழுங்காகக் கீழே இறங்கி மேஜைமேல் படிந்தன.

சொல்லாதே.

சொல்லாதே.

"பதினேழு."

ராஜாத்தி எழுந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கோபம் இல்லை. சந்தோஷமும் இல்லை. சீட்டை உருவும் அதே இரண்டு விரல், அதே பதம். அவன் கை கனமே இல்லாமல் எழுந்தது. இக்னேஷியஸ் உள்ளங்கையை வாங்கி, சீட்டின் மடிந்த முனைகளை நீவுவதுபோல் விரல்களை ஒவ்வொன்றாக நீவி விரித்தான். கீழே பல்லி இன்னும் காற்றை மிதித்துக்கொண்டிருந்தது.

சதக்.

அவன் அலறினான். அலறலின் நடுவில், ஒரு இடம் ஒதுக்கிக்கொண்டு, அவன் குரல் நிதானமாக அடுத்ததைச் சொன்னது.

"பதினெட்டு."

ராஜாத்தி அலமாரியிலிருந்து சீட்டை எடுத்தாள். கோணல் எழுத்து. நிறுத்து. அவன் அந்தச் சொல்லைக் காட்டிக் காட்டித் தலையாட்டினான், படி, படி என்று கெஞ்சினான். ஸ்டானிஸ்லாஸ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இக்னேஷியஸ் சீட்டை வாங்கி, அவன் புறங்கைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த முனையில் குத்தி, கீழே இறக்கினான். வெள்ளைக் காகிதம் நடுவிலிருந்து சிவந்துகொண்டே ஓரத்துக்கு வந்தது.

மூன்று பேரும் அவன் வாயைப் பார்த்தார்கள். அலமாரியில் நாற்பது அறைகள். நாற்பதுக்குப் பிறகு மறுபடி ஒன்று. பெரியவர் வர இன்னும் இருபது மணி நேரம் இருந்தது.

"பத்தொன்பது" என்றான் பரசுராமன்.