மீன் தொட்டியில் சிவப்புப் போர்வை

புதன்கிழமை சாயங்காலம் முத்திருளன் மாமா மீன் தொட்டியை முறைத்துப் பார்த்தபோதே அஸ்வினி அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

“என்ன நாகு, ரத்தம் உறைஞ்ச மாதிரி கெடக்கு? வீட்டுக்கு ஆகாது தாயி. ஞாயித்துக்கெழம வண்டியோட வாரேன். காலி பண்ணிருவோம்.”

“சரிண்ணே” என்றாள் அம்மா. அப்பா இறந்து இரண்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அம்மா எதைக் கேட்டாலும் ‘சரி’தான்.

அது அப்பா ஆசையாக வைத்திருந்த கடல்நீர்த் தொட்டி. இரண்டு கோமாளி மீன்கள், நான்கு பவளங்கள். இப்போது மணல்மேலும் பாறைமேலும் கருஞ்சிவப்பாக எதுவோ படர்ந்து கிடந்தது. ஒரு பவளம் வெளுத்துச் செத்தே போயிருந்தது. மீன்கள் மூலையில் ஒடுங்கி நின்றன.

மாமா போனதும் அஸ்வினி அலமாரியிலிருந்து பாசி மருந்துப் புட்டியை எடுத்தாள். மூடியைத் திறந்தவள் அப்படியே நின்றாள். இது என்ன பாசி என்றே தெரியாதே! தெரியாமல் ஊற்றி, மீன்களும் செத்துப் போனால்?

அம்மாவின் போனில் படங்களைத் தேடினாள். முடிபோல வளரும் பாசி இருந்தது. பச்சைக் குமிழ்களாக வளரும் பாசியும் இருந்தது. இரண்டும் பாறையை இறுகப் பிடித்துக்கொள்ளுமாம். ஒரு குச்சியால் தொட்டியில் மெல்லச் சுரண்டினாள். சிவப்புச் சவ்வு, பாலாடைபோல அப்படியே உரிந்து வந்தது. குப்பென்று ஒரு நாற்றம்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடி தேடினாள். கிடைத்துவிட்டது! சயனோ. பார்த்தால் பாசி, உண்மையில் அது பாக்டீரியா. மீதமான தீனியும் ஓட்டமில்லாத நீரும் இருந்தால் கொழுத்து வளருமாம்.

தொட்டிக்குள் நீரைச் சுழற்றும் விசிறி ஓடவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு அதை வெளியே எடுத்தாள். விசிறியின் வாய் முழுக்க ஊறிப்போன மீன் தீனி.

அப்போது அம்மா தீனி டப்பாவோடு வந்தாள். ஒரு கரண்டி நிறைய அள்ளிப் போட்டாள். “சாப்பிடுங்கய்யா” என்றாள். காலை, மதியம், இரவு என்று வீட்டில் மனிதர்கள் சாப்பிடும் நேரமெல்லாம் மீனுக்கும் சாப்பாடு!

‘நீதாம்மா காரணம்’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அஸ்வினி அதை விழுங்கிக்கொண்டாள்.

“அம்மா, இதுகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை போதும்மா. அப்பா அம்புட்டுதான் போடுவாரு.”

“அம்புட்டுதானா? பசிக்காதாடி?”

“அதுக வயிறு அதுக கண்ணளவுதாம்மா.”

அம்மா தொட்டியைப் பார்த்தாள். கரண்டியைப் பார்த்தாள். முகம் வெளிறியது. “அப்ப, நாந்தான் கெடுத்தேனா?”

“அப்பா போனப்புறம் நான் இந்தப் பக்கமே வரலம்மா. பார்த்தாலே அழுகை வந்துச்சு. நீதான் தினமும் வந்து பார்த்த. வா, ரெண்டு பேரும் சரி பண்ணுவோம். எனக்குத் தனியாச் செய்யத் தெரியாது.”

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

அஸ்வினி ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினாள். நீரோடு சவ்வும் வாளிக்குள் இறங்கியது. கொஞ்சம் அவள் வாய்க்குள்ளும் போனது.

“த்தூ!”

“கொப்பளிடி, கொப்பளி!” அம்மா செம்போடு ஓடிவந்தாள்.

அப்பா வைத்திருந்த மீன் உப்பைக் கேன் தண்ணீரில் கரைத்து, உப்பின் அளவைப் பார்த்து ஊற்றினார்கள். கழுவிய விசிறி மறுபடி சுழன்றது. மூன்று, நான்கு நாள் வெளிச்சமே படக் கூடாது என்று போனில் போட்டிருந்தது. அம்மா பீரோவைத் திறந்து, அப்பாவின் வேட்டியை எடுத்து வந்து தொட்டியை மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா இரண்டு வாளிகளோடு வந்தார்.

“இதென்ன, பொணத்துக்குப் போத்துன மாதிரி...” என்று ஆரம்பித்தவர், தங்கையின் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அஸ்வினி வேட்டியின் ஒரு முனையைப் பிடித்தாள். உள்ளே மீன்கள் இருக்குமா? அம்மாவும் ஒரு முனையைப் பிடித்தாள். வேட்டி விலகியது.

இன்னொரு பவளமும் போயிருந்தது. வெளுத்து, எலும்புபோலத் தெரிந்தது. ஆனால் மணல் வெள்ளையாக இருந்தது. சிவப்பு, பின்பாறையில் இரண்டு திட்டுகளாகச் சுருங்கியிருந்தது. இரண்டு மீன்களும் நடுத்தொட்டியில் நீந்தின.

“அந்தச் சிவப்பு பாதிதான போயிருக்கு. எதுக்கு இழுத்துப் போட்டுக்கிட்டு? எடுத்துருவோமா நாகு?”

அம்மா தொட்டியின் கண்ணாடியை விரலால் துடைத்தாள்.

“வேணாம்ணே” என்றாள். “இருக்கட்டும். வந்தது வந்தீங்க, வாளிய இங்கிட்டு வச்சுட்டு இந்தக் குழாயப் பிடிங்க. இன்னும் ரெண்டு திட்டு கெடக்கு.”

மாமா திருதிருவென விழித்தார். அப்புறம் சட்டைக் கையை மடித்துவிட்டுக் குழாயை வாங்கினார். “எப்படி மருமகளே, இதை உறிஞ்சணுமா?”

“மெதுவா மாமா, மெது...”

அதற்குள் மாமாவின் கன்னம் இரண்டும் உப்புத் தண்ணீரில் உப்பிவிட்டன. துப்ப இடம் தேடி அவர் வாசலுக்கு ஓட, அம்மாவும் அஸ்வினியும் ஆளுக்கொரு செம்போடு பின்னால் ஓடினார்கள்.