வெய்ஸ்மனிடம் கேட்க வேண்டியது

போர்வைக்குள் இருந்த வெய்ஸ்மனின் முகம் கொஞ்சம் சுவர்ப்பக்கமாகத் திரும்பியிருந்தது. பக்கத்து வீட்டு மிஸ்டர் கிளைன் மூடிவிட்டுப் போகும்போது அது கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளைத் துணிக்கு மேல் மூக்கு நேராக நிமிர்ந்து நின்றதை அன்ரனெற் தன் கண்ணாலேயே கண்டாள். இப்போது அந்த மேடு ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. தலையணை பதிந்திருக்கும், பிணம் என்றால் அப்படி இப்படிச் சரியத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கதவுப் பக்கக் கதிரையில் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

யன்னலைத் திறந்துவிட்டதும் கிளைன்தான். ஆத்துமா போக வழி வேண்டுமாம். ஆனால் உடனே போய்விடாதாம். அடக்கம் பண்ணும்வரை உடம்பைச் சுற்றியே நிற்குமாம், பேசுவதெல்லாம் அதற்குக் கேட்குமாம், அதனால் செத்தவரைத் தனியே விடக்கூடாதாம். அன்று சனிக்கிழமை, யூதர்களுடைய ஓய்வுநாள். கார் ஓட்ட மாட்டார்கள், போன் எடுக்க மாட்டார்கள். செபக்கூடத்தில் இருந்த வெய்ஸ்மனின் மகனுக்குச் செய்தி சொல்ல, கிளைன் பொல்லை ஊன்றிக்கொண்டு பனிக்குள் நடந்தே போய்விட்டார். இருட்டும்வரை வேறு யாரும் வரப்போவதில்லை.

டாக்டர் எப்போதோ கைவிட்ட நோயாளி. அந்தச் சாவில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அவர் எப்படிச் செத்தார் என்பது அவரைப் பராமரிக்கும் வேலைக்கு வந்த அன்ரனெற்றுக்கு மட்டும்தான் தெரியும்.

பனி கரைந்த காலத்தில் ஒருநாள், செத்துப்போன மனைவியின் மோதிரத்தை இவள் களவெடுத்துவிட்டாள் என்று வெய்ஸ்மன் அவளை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சிக்குப் போன் பண்ணினார். வேலை போனது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஸ்காபரோத் தேவாலயத்துத் தமிழ்ப் பூசையில் பக்கத்தில் இருந்தவள் தன் கைப்பையை மெல்ல மடிக்கு இழுத்துக்கொண்டாள். கோடை போன பிறகுதான் மோதிரம் கிழவரின் குளிர்கோட்டுப் பைக்குள் கிடந்தது தெரிந்தது. ஏஜென்சி திரும்பக் கூப்பிட்டது. அவளும் வந்தாள்.

வந்த நாளிலேயே கிழவர் மன்னிப்புக் கேட்டார். அவர்களுடைய பெரிய நோன்புக்கு முதல்நாள் கோட்டுப் போட்டு, கழுத்தில் ரை கட்டி, எழுந்து நின்று கேட்டார். பிறகு கிளைனையும் வேறு இரண்டு கிழவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர்கள் முன்னால் அழுதழுது கேட்டார். அவள் முடியாது என்றாள். பொய் சொல்வானேன், அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அந்தக் கிழட்டு முகம் சுருங்குவதைப் பார்க்கத்தான் விடியவே எழும்பி பஸ் பிடித்து வந்தாள்.

மிசிசாகாவில் வேலை முடித்து வந்த ஒரு பின்னேரம், கணவன் பேனாட் அவளுக்குச் சொல்லிப் பார்த்தான். "சாகப்போற மனுசன். சரி எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் வாய் தேய்ஞ்சு போயிடுமே?"

"கேக்கட்டும்," என்றாள். "சாகுமட்டும் கேக்கட்டும்."

இன்று மத்தியானம் அவர் கேட்டது மன்னிப்பு அல்ல, தண்ணீர். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிச் சொல் வரவில்லை. அவள் கிளாசை நிரப்பிக் கொண்டுவந்து, கை எட்டாத அலுமாரித் தட்டில் வைத்தாள். முதலில் மன்னிப்பு, பிறகு தண்ணீர் என்றாள். கேட்டார். வடிவாகக் கேளுங்கள் என்றாள். கேட்டார். அவள் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றி, ஆறவிட்டுக் குடித்துவிட்டு வந்தாள். கட்டிலுக்கு வெளியே அவருடைய கை அலுமாரியை நோக்கி நீண்டு கிடந்தது. விறைக்குமுன் அதை எடுத்து உள்ளே வைத்தாள்.

அப்போதும் பெரிய பயம் இல்லை. நாளைக்குச் சுவாமியிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தால் அவர் கொஞ்சம் அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்வார், ஆத்துமா தோய்த்த சட்டை மாதிரி வெளுத்துவிடும் என்று இருந்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். உங்கள் சமயத்தில் பாவத்துக்கு யாரிடம் போவீர்கள் என்று கிளைனிடம் சாடையாகக் கேட்டுவிட்டாள். கிளைன் அலுமாரித் தட்டில் நிறைந்திருந்த கிளாசைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். மனிசனுக்கு மனிசன் செய்ததைக் கடவுள்கூட முந்திக்கொண்டு மன்னிக்க மாட்டார், நோகடிக்கப்பட்டவன்தான் மன்னிக்க வேண்டும் என்றார்.

"செத்தவர் எப்படி மன்னிப்பார்?"

"இன்னும் இங்கேதான் நிற்கிறார்," என்று கிளைன் தன் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். "புதைக்குமுன் கேட்டுவிடு."

வெளியே லிஃப்ட் வந்து நின்றது. ஓய்வுநாளில் யாரும் பொத்தான் அழுத்தத் தேவையில்லாதபடி அது தானாகவே ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று போகும். கதவு திறந்தது. காலடி இல்லை. மூடியது. அறைக்குள் மருந்தும் வியர்வையும் பழைய கம்பளியும் கலந்த வாடை, குளிர்காற்று வர வர ஒடுங்காமல் தடித்துக்கொண்டே போனது. கூரையோரத்தில் யாரோ உமிழ்நீர் விழுங்குகிற மாதிரி வெந்நீர்க் குழாய் களக், களக் என்றது. மேசை விளக்கும் ஓய்வுநாளுக்கென்று, தானாகவே அணையும்படி நேரம் வைத்துவிட்டதுதான். 'டிக்' என்றது. அணைந்தது.

சுவர் ஸ்விட்ச் கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவள் எழும்பவில்லை.

பனியின் நீல வெளிச்சத்தில் போர்வை மட்டும் தெரிந்தது. கேட்டுவிட்டால் போச்சு என்று நினைத்தாள். ஒரு சொல்தானே.

"சொரி, மிஸ்டர் வெய்ஸ்மன்."

துணி சரசரத்தது. மூக்கின் மேடு இன்னும் கொஞ்சம் சுவர்ப்பக்கம் போனது.

காற்று. யன்னல் காற்றுத்தான். ஓடிப்போய் யன்னலை இழுத்துச் சாத்தினாள். காற்று நின்றது. துணி நிற்கவில்லை.

ஓடியிருக்கலாம். ஓடினால் நாளைக்கு மண் மூடிவிடும், பிறகு யாரிடம் கேட்பது? சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் நுழைந்து, அந்த முகத்துக்கு நேரே முழங்காலில் விழுந்தாள். ஆங்கிலம் வரவில்லை.

"ஐயா, தண்ணி தராமல் விட்டது நான்தான். வேணுமெண்டுதான் விட்டனான். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

துணிக்குள் வாய் இருந்த இடம் உள்ளே ஒட்டியது. பிறகு முகம் அசைந்தது.

வந்த வழியே திரும்பவில்லை. அவளுக்கு முகம் காட்டாமல் கீழே போனது.

மூக்கு தலையணையில் பதிந்தது. கன்னம் மறைந்தது. பிடரி மேலே வந்தது. கழுத்தில் என்னவோ முறிந்தது, காய்ந்த சுள்ளி மாதிரி. உடம்பு மட்டும் புரளவில்லை. நெஞ்சு கூரையைப் பார்த்தபடியே கிடந்தது.

"ஐயா."

கழுத்துத் துணி முறுகியது.

"ஐயா, கும்பிடுறன்."

இன்னும் முறுகியது.