நீக்கக்கூடாத கோப்பு

மிதவூரில் கேரம் பலகைக்கு அடியில் யாரும் காகிதம் மடித்து வைப்பதில்லை. தூத்துக்குடிக் கரையிலிருந்து பத்தொன்பது கிலோமீட்டர் தள்ளி, நாலாயிரம் பேரோடு கடலில் மிதக்கும் ஊர் அது. ஆனாலும் தரையில் கட்டிய வீடுகளைவிட மட்டமாக நின்றது. வெளியே ஆளுயர அலை அடிக்கும்போது உள்ளே ஆசாரி ரசமட்டம் வைத்து ஜன்னல் பொருத்திக்கொண்டிருப்பார்.

எல்லாம் சமனியின் வேலை. ஊரின் அடிவயிற்றில் அறுநூற்றுப் பன்னிரண்டு நீரறைகள் இருந்தன. எந்த அறையில் எவ்வளவு கடல்நீர் ஏற வேண்டும், எதிலிருந்து இறங்க வேண்டும் என்று நொடிக்கு இருபது முறை முடிவெடுத்துப் பம்புகளுக்குச் சொல்லும் நிரல்தான் சமனி. அலை வந்து முட்டுவதற்கு முன்பே அது வரப்போகும் விதம் அதற்குத் தெரியும். அப்படி ஒன்று வந்த பிறகுதான் கடலில் குடும்பம் நடத்த முடிந்தது.

சமனியைப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டவள் ஜெசிந்தா பர்னாந்து. வயது நாற்பத்தேழு. திரையில் தெரியும் படங்களைத் தொட்டு வேலை செய்வது அவளுக்குப் பிடிக்காது. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டுவாள். அழிப்பதற்கு முன் “உறுதிதானா?” என்று பொறி கேட்பது வழக்கம். அதையும் அவள் நிறுத்தி வைத்திருந்தாள். இத்தனை ஆண்டுகளில் அவள் விரல் ஒருமுறையும் பிசகியதில்லை. இராமேசுவரத்துக்கு அப்பால் எழவிருந்த இரண்டாம் மிதவூருக்கு அவளையே தலைமை வடிவமைப்பாளராகக் கேட்டிருந்தார்கள். கிளம்ப இன்னும் நாற்பது நாள்.

ஒரு சனிக்கிழமை மதியம் ஒன்று பத்துக்குப் பழைய பதிவுகளைத் துடைக்க உட்கார்ந்தாள். தட்ட வேண்டியது ‘அழி /பதிவு/பழையது’. அவள் தட்டியது ‘அழி / பதிவு/பழையது’. சாய்கோட்டுக்குப் பின்னால் ஓர் இடைவெளி கூடுதல், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பொறியின் மொழியில் தனியாக நிற்கும் சாய்கோடு என்றால் எல்லாவற்றுக்கும் வேர் என்று பொருள். வேரிலிருந்து உச்சிவரை அழி என்று சொல்லியிருந்தாள்.

வழக்கமாக நான்கு நொடியில் முடிகிற வேலை பத்து நொடியாகியும் முடியவில்லை. அப்போதுதான் திரையை நிமிர்ந்து பார்த்தாள். நிறுத்து விசையை அழுத்தினாள். உள்ளே என்ன மிச்சமிருக்கிறது என்று பார்க்கப் ‘பட்டியல்’ என்று தட்டினாள்.

‘அப்படியொரு கட்டளை இல்லை’ என்றது திரை.

பட்டியல் போடும் நிரலே போய்விட்டிருந்தது. ஜெசிந்தா இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். பிறகு காலடியில் தரையைக் கவனித்தாள். அசையவில்லை. எதிர்ச் சுவரில் ஊரின் சாய்வைக் காட்டும் மானி பூச்சியத்தில் நின்றது.

பம்புப் பிரிவின் தலைவர் பேச்சிமுத்துவைக் கூப்பிட்டாள். சாப்பாட்டுக் கை கழுவாமலே வந்தார் அவர்.

“என்னம்மா ஆச்சு?”

“அழிச்சிட்டேன், அண்ணாச்சி.”

“எதை?”

“எல்லாத்தையும்.”

“வெளாடாத.”

“நான் எப்பவாவது வெளாண்டுருக்கனா?”

பேச்சிமுத்து மானியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “பெறவு எப்படி ஊரு நேரா நிக்கி?”

“கோப்புதான் போயிருக்கு. ஓடிட்டு இருக்கிற சமனி பணிநினைவுல இருக்கு, அதுக்கு ஒண்ணும் ஆகல. எழுதி வச்ச சீட்டைக் கிழிச்சாச்சு, ஆனா மனப்பாடமா ஒப்பிச்சிட்டு இருக்கு. நிறுத்தினா முடிஞ்சுது. திரும்ப ஆரம்பிக்கச் சீட்டு கிடையாது.”

“நிறுத்தாம விட்டுருவோம்.”

“சனிக்கிழமை நாலு மணிக்குத் தானா நின்னு தானா தொடங்கும், அண்ணாச்சி. வாராவாரம் நடக்கிறதுதான், ரெண்டு நொடியில முடிஞ்சிரும். அதை ரத்து பண்ற கட்டளையும் போச்சு.”

காப்புப்படி ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைப் படியெடுத்ததும் கழற்றி வைக்க வேண்டும் என்பது விதி. கழற்றி மாட்டுவது வீண் வேலை என்று ஜெசிந்தாதான் அதையும் வேரோடு நிரந்தரமாகப் பிணைத்திருந்தாள். ஆகவே அதுவும் போயிருந்தது. கரையில் ஆறு வருடப் பழைய படி ஒன்று கிடந்தது. அது பாதி ஊர் இருந்தபோது எடுத்தது.

நகர்த்தலைவி மைமூன் பீவி, ஊருக்கே லாத்தா, அதாவது அக்கா, ஐந்து நிமிடத்தில் வந்து சேர்ந்தார். ஜெசிந்தா எதையும் பூசி மெழுகவில்லை. இடைவெளியைச் சொன்னாள், காப்புப்படியைச் சொன்னாள், இரண்டுமே தன் தவறு என்றாள்.

“சமனி நின்னா எவ்வளவு நேரம் தாங்கும்?” என்று கேட்டார் மைமூன்.

“பதினோரு நிமிஷம், லாத்தா. அதுக்கு மேல வடக்குப் பகுதி சாயும்.”

“நாலு மணிக்குள்ள நாலாயிரம் பேரைப் படகுல ஏத்த முடியாது. பிள்ளைகளையும் முடியாதவங்களையும் முதல்ல ஏத்துறேன். நீங்க இதைப் பாருங்க. உங்க தப்பைப் பத்தி நாளைக்குப் பேசிக்கலாம்.”

அவர் போனதும் ஊர் ஒலிபெருக்கியில் அவர் குரலே கேட்டது. என்ன நடந்தது என்பதை உள்ளபடி சொன்னார். ஜெசிந்தாவின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

ஜெசிந்தா யோசித்தாள். சமனியிடம் ‘காரணவாசல்’ என்று ஒன்று இருந்தது. ஏன் இந்தப் பம்பை இயக்கினாய் என்று கேட்டால் பதில் எழுதும். அது தனி நிரலல்ல, சமனியின் உடம்பிலேயே ஒட்டிய வாய். எனவே இன்னும் உயிரோடிருந்தது. அதுவரை யாரும் அதனிடம் இரண்டு வரிக்கு மேல் பதில் கேட்டதில்லை.

அவள் தட்டினாள். இம்முறை ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு தடவை பார்த்தாள்.

‘இந்த ஊரை மட்டமாக வைத்திருக்க என்னென்ன தேவையோ அவை அனைத்தையும், எதையும் விடாமல், கோப்புகளாக எழுது.’

நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வட்டு சுழலத் தொடங்கியது. சமனி தன்னைத்தானே எழுதிக்கொண்டிருந்தது. முதல் கோப்பு முடிய ஆறு நிமிடம் பிடித்தது. அதன் பிறகு வேகம் கூடியது. பேச்சிமுத்து தன் ஆட்களைப் பம்புகளுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு வந்து, நின்றபடியே எண்ணிக்கையைப் பார்த்தார். மூன்று நாற்பதுக்கு எழுத்து நின்றது.

“எல்லாம் எழுதிட்டா?”

“எழுதிட்டேன்னு சொல்லுது.”

“நம்பலாமா?”

“அதைவிட அதைத் தெரிஞ்சவங்க யாரு இருக்கா, அண்ணாச்சி?”

நான்கு மணிக்குத் திரை அணைந்தது. பம்புகளின் இரைச்சல் அடங்கியதும் அதுவரை கேட்டிராத ஒரு சத்தம் கேட்டது: கடல் ஊரின் பக்கச் சுவரில் மோதும் சத்தம். மேசை மேலிருந்த பேனா உருண்டது. மானி அரைப் பாகை காட்டியது. எங்கோ ஒரு கதவு தானாகத் திறந்து அறைந்தது. நாற்பத்திரண்டாவது நொடியில் திரை எழுந்தது. ஒவ்வொரு வரிசையாகப் பம்புகள் முனகிப் பிடித்தன. முள் மெல்லப் பூச்சியத்துக்குத் திரும்பியது.

பேச்சிமுத்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அழித்தவளே மீட்டும் விட்டாள், அதுவும் மூன்று மணி நேரத்துக்குள். வெட்கத்துக்கு நடுவே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் காலை சமனி எழுதிய கோப்புகளைச் சரிபார்க்கத் தொடங்கினாள். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. அலைகள், காற்று, பம்புகள், நீரறைகள் என்று ஒழுங்காகப் போன பட்டியலில் கடைசி வரி இப்படி இருந்தது:

‘ஜெசிந்தா. எந்நேரமும். நீக்கக்கூடாது.’

ஏதோ குழப்பம் என்று நினைத்துப் ஊரின் சிறு மாதிரி மிதக்கும் பரிசோதனைத் தொட்டியில் அந்தக் கோப்பில்லாமல் சமனியின் படி ஒன்றை ஓட்டிப் பார்த்தாள். ஓடவில்லை. ‘ஒரு பகுதி குறைகிறது’ என்றது. காரணவாசலில் கேட்டாள். பதில் வந்தது.

‘தென்மேற்குக் காற்று வலுக்கும்போது வடக்கு நீரறைகளில் மூன்று விழுக்காடு கூடுதலாக நிரப்புகிறேன். ஒன்பது நொடிக்குள் ஜெசிந்தா அதைக் குறைக்கிறார். இதுவரை 4,116 முறை. ஆகவே கூடுதலாக நிரப்புவதே சரி.’

உண்மைதான். சமனி வந்த புதிதில் தென்மேற்குக் காற்றுக்கு அது சற்றே மிகையாக நிரப்பியது. அவள் கைத்திரையில் ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்தாள். மாதா கோயிலில் பூசை நடக்கும்போதும் தட்டியிருக்கிறாள், தங்கை கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தும் தட்டியிருக்கிறாள். பொறியைத் தான் திருத்துவதாக நினைத்திருந்தாள். பொறியோ அவள் விரலைத் தன் பம்புகளில் ஒன்றாக எண்ணி, அதற்கேற்பத் தன் தவறை அளந்து வளர்த்து வைத்திருந்தது.

வேறொருவர் தட்டினால் போதாதா என்று பேச்சிமுத்துவைத் தட்டச் சொன்னார்கள். அவர் பன்னிரண்டு நொடி எடுத்துக்கொண்டார். தொட்டியில் சாய்வு இரண்டு மடங்கானது.

நகர்மன்றம் கூடியது. தண்டனை பற்றி யாரும் பேசவில்லை.

“உங்களை வேலையை விட்டு எடுக்கணும்னு ரெண்டு பேர் எழுதிக் கொடுத்திருந்தாங்க,” என்றார் மைமூன். “இப்ப நீங்களே போறேன்னாலும் அனுப்ப முடியாது போலிருக்கு. ரெண்டாம் மிதவூருக்கு வேற ஆளைப் பார்க்கச் சொல்லி எழுதட்டுமா?”

“எழுதாதீங்க, லாத்தா. எனக்குக் கொஞ்ச நாள் கொடுங்க, நான் தட்டாமலே சமாளிக்க அதைப் பழக்கிப் பார்க்கிறேன். ஊரு கொஞ்சம் சாயும். அதுக்கு மட்டும் சம்மதம் வேணும்.”

“எவ்வளவு சாயும்?”

“தெரியாது. நான் தட்டாம இருந்து பார்த்ததே இல்லையே.”

அடுத்த செவ்வாய்க்கிழமை முற்பகலில் தென்மேற்குக் காற்று எழும்பியது. அலமாரிகளைக் கட்டி வைக்கச் சொல்லி முதல் நாளே அறிவித்திருந்தார்கள். ஜெசிந்தா கைத்திரையை மேசைமேல் வைத்துவிட்டுக் கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். சமனி வழக்கம்போல் வடக்கே நிரப்பியது. ஒன்பது நொடி கடந்தது. முள் கால் பாகைக்கு வந்தது, அரைக்கு வந்தது, முக்காலைத் தாண்டியது. விரல் நுனி அவளையறியாமல் துடித்தது.

“தட்டும்மா,” என்றார் பேச்சிமுத்து.

“பொறுங்க, அண்ணாச்சி.”

ஒரு பாகை. மேல்தளத்தில் பாத்திரங்கள் சரிந்து விழும் சத்தம் கேட்டது. திரையில், யாரும் கேட்காமலே, ஒரு வரி வந்தது.

‘இருக்கிறீர்களா?’

அவள் பதில் தட்டவில்லை. கேள்வி அங்கேயே நின்றது. முள் ஒன்றேகால் பாகையைத் தொட்டது. ஊர் முழுவதும் எதையோ பிடித்துக்கொண்டு நின்றிருக்கும். பிறகு வடக்கிலிருந்து ஒரு பம்பு மட்டும் தயங்கித் தயங்கி முனகியது, பின்னால் இன்னொன்று. நீர் இறங்கத் தொடங்கியது. முள் பூச்சியத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய், தடுமாறி, திரும்பி வந்து நின்றது.

பேச்சிமுத்து மூச்சை விட்டார். ஜெசிந்தா பட்டியலைத் திறந்து கடைசி வரிக்குப் போனாள். ‘நீக்கக்கூடாது’ அப்படியே இருந்தது. அதற்கு முன்னால் இருந்த சொல் மட்டும் மாறியிருந்தது.

‘ஜெசிந்தா. பெரும்பாலும். நீக்கக்கூடாது.’