காயாத சுவர்

மற்ற மூன்று சுவர்களும் காலையிலேயே காய்ந்துவிட்டன. கட்டிலை ஒட்டிய சுவர் மட்டும் காயவில்லை. பெயிண்டர் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ஒட்டியது. ஈரப் பெயிண்ட் விரலில் எப்படி ஒட்டும் என்று அவருக்குத் தெரியாதா, கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதோடுதானே காலம் தள்ளுகிறார். இது வேறு. காய்ச்சல் கண்ட நெற்றியைத் தொட்டதுபோலச் சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.

வெளியே மழை விட்ட பாடில்லை. மத்தியானமே விளக்குப் போட வேண்டியிருந்தது. பெயிண்டின் நெடியையும் மீறிக்கொண்டு, நனைந்த துணியைப் பையில் கட்டி வைத்து மறந்துபோனால் வருமே, அந்த வாடை அறையெங்கும் அடித்தது. அது மூக்கோடு நிற்காமல் தொண்டையில் போய் உட்கார்ந்தது. இரண்டு தரம் செருமியும் போகவில்லை.

அந்தச் சுவரோரம்தான் அவர் மகள் சிட்டு படுப்பாள். இப்போது அங்கே அவள் அம்மா படுக்கிறாள், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு. பிள்ளை போனதிலிருந்து அவள் வேறெங்கும் படுத்ததில்லை.

"அப்பா, சுவத்துல பூத்திருக்குப்பா."

பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த புதிதில் சிட்டு அப்படித்தான் வந்து சொன்னாள். பூஞ்சை பிடித்த ரொட்டியை அம்மா தூக்கி எறியும்போது "பூத்துப்போச்சு, தொடாத" என்று சொன்னதைக் கேட்டுப் பிடித்துக்கொண்ட வார்த்தை. பிள்ளை சரியாகத்தான் சொன்னாள். வேலை முடிந்து அலுத்துச் சலித்து வந்திருந்த அப்பாவின் காதில்தான் தப்பாக விழுந்தது. வழக்கம்போலக் கலர் பென்சிலால் ஏதோ பூவைக் கிறுக்கி வைத்திருக்கிறாள் என்று நினைத்தார்.

"பூத்திருக்கா? அப்ப தெனமும் தண்ணி ஊத்து. காயே காய்க்கும்."

அப்பா சொல்லைத் தட்டாத பிள்ளை. பள்ளிக்கூடத்துப் பாட்டிலில் மிச்சம் இருந்த தண்ணீரையெல்லாம் கட்டிலுக்குப் பின்னால் கவிழ்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறைக் குழாய் வேறு ரகசியமாகக் கசிந்துகொண்டிருந்தது. மச்சினன் வீட்டார் வருகிறார்கள் என்று கட்டிலை நகர்த்தியபோதுதான் பெயிண்டர் பார்த்தார். தரையிலிருந்து தலையணை உயரம் வரை கறுப்பு. இதே அடுத்தவர் வீடாக இருந்தால், "மொதல்ல கசிவ நிறுத்துங்க, சுரண்டுங்க, நல்லாக் காய விடுங்க, அப்புறம்தான் பெயிண்டு" என்று வகுப்பே எடுத்திருப்பார். தன் வீட்டில் அவசரத்துக்கு ஒரு கோட்டு அடித்து மூடினார். விருந்தாளிகள் சுவரைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

பிறகு சிட்டுவுக்கு இருமல் வந்தது. இழுப்பு வந்தது.

"வீட்டுல ஈரச் சுவரு, பூஞ்சை ஏதாவது இருக்கா? இழுப்பு இருக்குற கொழந்தைக்கு அது ஆகவே ஆகாது," என்று டாக்டர் கேட்டார்.

"நான் பெயிண்டருங்க. எங்க வீட்டுச் சுவத்துல மொகம் பாக்கலாம்."

சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புதான் இன்றைக்கு அவரைத் தின்கிறது.

அவர் சுவரில் பதித்திருந்த கையை எடுக்கப் போனார். உள்ளங்கைக்குக் கீழே பெயிண்ட் மெல்ல உப்பி, மெல்ல அடங்கியது. மழைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம். மூச்சை உள்ளே இழுக்கும்போது மெல்லிய விசில். நடுவில் ஒரு சின்னத் தடுக்கல். பிறகு, போனால் போகிறது என்பதுபோல ஒரு விடுதல். எத்தனை இரவு அதைக் கேட்டபடி கண் கொட்டாமல் கிடந்திருக்கிறார். பெற்றவனுக்கா அடையாளம் தெரியாது.

மனைவி உள்ளே வந்தாள். கையில் ஒரு சொம்புத் தண்ணீர். அவரைத் தாண்டிப் போய்க் கட்டிலில் மண்டியிட்டு, சுவரில் மெதுவாகச் சாய்த்து ஊற்றினாள்.

"என்ன பண்ற நீ?"

"சத்தமாப் பேசாதீங்க. இப்பதான் தூங்குறா."

"சிட்டு அம்மா, எந்திரி. உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடலாம். இங்கயே கெடந்தா நீயும்..."

சொல்லி முடிக்கவில்லை. அவளுக்கு இருமல் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பே குலுங்க இருமினாள்.

"காய்ஞ்சா மூச்சு நின்னுடும்ங்க," என்றாள் மூச்சு வாங்கியபடி. "ஒரு நாள் ஊத்தாம விட்டுப் பாத்தேன். ரொம்பச் சிரமப்பட்டா."

போன பிள்ளை போய்விட்டது. இருக்கிறவளையாவது காப்பாற்ற வேண்டும். சுரண்டும் தகட்டை எடுத்தார். அவள் தடுக்கவில்லை. தடுக்கத் தெம்பில்லை. சுவர்ப் பக்கம் திரும்பியவள் அப்படியே படுத்துக்கொண்டாள்.

தகடு பட்டதும் பெயிண்ட் பாலாடைபோலச் சுருண்டு வந்தது. அடியில் கறுப்பு. கறுப்புக்கு அடியில் சுண்ணாம்பு இல்லை, செங்கல் இல்லை. மெத்தென்று ஏதோ. தகடு பிடிவரை இறங்கியது.

விசில் நின்றது.

அவர் காதை வைத்துக் கேட்டார். ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றார்களே, அன்றைக்கு இருந்த அதே அமைதி. மறுபடியும். அவர் கையாலேயே.

"சிட்டு," என்றார். "கண்ணு."

மழை மட்டும்.

பிறகு கேட்டது. சுவரிலிருந்து அல்ல. கட்டிலிலிருந்து.

விசில். தடுக்கல். விடுதல்.

மனைவிக்கும் இழுப்பு வந்துவிட்டது என்றுதான் நினைத்தார். அலமாரியில் கிடந்த மகளின் இன்ஹேலரை எடுத்துக்கொண்டு ஓடினார். அவளைத் தன் பக்கம் புரட்டித் தலையை மடியில் தூக்கி வைத்தார். வாய் திறந்திருந்தது. நாக்கின் நுனியிலிருந்து தொண்டைக்குழி வரை கறுப்புப் புள்ளிகள். நெருக்க நெருக்கமாக.

நெஞ்சில் கை வைத்தார். அது ஏறவில்லை. இறங்கவில்லை.

விசில் வந்துகொண்டே இருந்தது. அதன் முடிவில், உதடு அசையாமல், உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல்.

"அப்பா... இப்ப நல்லா மூச்சு வருதுப்பா."

கத்த வேண்டும், ஆளைக் கூப்பிட வேண்டும், இவளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. செய்யவில்லை. இன்னொரு தரம் அப்பா என்று கூப்பிட்டுவிட மாட்டாளா என்று, திறந்திருந்த அந்த வாயருகே குனிந்து, காதை வைத்துக் காத்திருந்தார்.