பின்சீட்டின் இடது கதவு

காரின் நான்கு கதவுக் கண்ணாடிகளில் ஒன்றில் மட்டும் ஆவி படிந்திருந்தது.

புரட்டாசியில் ராஜபாளையத்துக்கு மேற்கே மலையில் மேகம் இறங்கி நிற்கும் நாட்களில், விடியும்போது வண்டிக் கண்ணாடி வேர்ப்பது புதிதில்லை. சௌந்தரபாண்டியன் தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். போகவில்லை. ஈரம் உள்பக்கம் இருந்தது. பின்சீட்டின் இடது கண்ணாடியில், உட்கார்ந்திருப்பவரின் வாய் வரும் உயரத்தில், ஒரு தட்டு அகலத்துக்கு வெள்ளையாகப் படிந்து, ஓரங்களில் மெலிந்து கரைந்திருந்தது.

இருபத்திரண்டு வருடம் பட்டாளத்தில் லாரி ஓட்டி, பழுது பார்த்து வந்தவர் அவர். காரணமில்லாமல் எந்த வண்டியிலும் எந்தக் கோளாறும் வராது என்பது அவருடைய நம்பிக்கை. கதவு ரப்பர் இற்றிருக்கும் என்று புது ரப்பர் வாங்கி மாட்டினார். ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாயில் அடைப்பு இருக்கலாம் என்று ஊதிச் சுத்தம் செய்தார். மறுநாள் விடியலிலும் அதே இடத்தில் அதே ஆவி. அன்றைக்குப் பின்கதவைத் திறந்தவர் ஓர் அடி பின்வாங்கினார். வெளியே மலைக்காற்று சில்லென்று வீசிக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து அனல் முகத்தில் அடித்தது. மத்தியான வெயிலில் நிறுத்திப் பூட்டிய வண்டியின் அனல். காய்ந்த ரெக்சின் வாடை. அதற்கடியில் லேசாக, அவர் மனைவி அங்காளம்மாள் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாடை.

அவள் இறந்து நாலு மாதம் ஆகிறது.

அங்காளம்மாளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய் மூன்று வருடம் டயாலிசிஸ் நடந்தது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வர வேண்டும். ஒருநாள் திரும்பி வரும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கத் தெம்பில்லாமல் அவள் அடுத்தவர் மடியில் சரிந்தாள். அந்த வாரமே கைமாறி வந்த இந்தக் காரை அவர் வாங்கினார். சாமானியர் வாங்கக்கூடிய விலையில் டிக்கியோடு வரும் வெள்ளி நிறக் கார். முதல் நாள் பின்சீட்டில் தலையணை போட்டு ஏசியையும் போட்டுவிட்டபோது, "ஆண்டாளு பல்லக்குல போற மாதிரில்லா இருக்கு" என்று சிரித்தாள்.

ஒரு வருடம் வண்டி நன்றாகத்தான் ஓடியது. பிறகு வெயில் நேரத்தில் எஞ்சின் சூடேறினால் நின்றுபோக ஆரம்பித்தது. பின்சீட்டின் இடது கதவில் உள்கைப்பிடியின் கேபிள் அறுந்து, அதை வெளியிலிருந்துதான் திறக்க முடியும் என்றானது. சீட்டில் நகர்ந்து மறுபக்கம் இறங்க அவளுக்குத் தெம்பில்லாததால், ஒவ்வொரு தடவையும் அவரே வந்து திறந்துவிட்டார். அதே மாடல் வைத்திருப்பவர்கள் இருநூறு பேர் சேர்ந்த வாட்ஸப் குழு ஒன்று இருந்தது. எல்லாருக்கும் இதே புலம்பல். கோவில்பட்டிக்காரர் ஒருவர் அதில் ஒரு வழி சொன்னார்: நின்றுவிட்டால் பேட்டரி ஒயரைக் கழற்றிப் பத்து நிமிடம் விடுங்கள், எடுத்துக்கொள்ளும். சௌந்தரபாண்டியன் செய்து பார்த்தார். எடுத்தது. தன் அனுபவத்தை அவரும் குழுவில் பெருமையாக எழுதினார். பத்துப் பதினைந்து பேர் கைகூப்பினார்கள்.

மெக்கானிக் சந்தனம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணாச்சி, அது வைத்தியம் இல்ல. பெட்ரோல் பம்ப்பு போகப்போகுது. மாத்திருங்க."

"முழுசாப் போகட்டும்ப்பா, பாத்துக்கிடலாம்" என்றார்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வன்னியம்பட்டிக்கு ரோடு பிரியும் விலக்குக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றது. நிழல் என்று எதுவும் இல்லாத இடம். லாரிகள் புழுதியை வாரி இறைத்துப் போய்க்கொண்டிருந்தன. பொத்தானை அழுத்தி இறக்கும் கண்ணாடிகள் ஏற்றியபடியே இருந்தன. உள்ளே ஏசியின் குளிர்ச்சி இன்னும் இருந்தது. கதவைத் திறந்தால் அது போய்விடும், புழுதியும் அனலும் அவளுக்கு ஆகாது என்று நினைத்தார். "செத்த நேரம் உள்ளயே இருட்டி, பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டுத் தன் கதவைச் சாத்தினார். பானெட்டைத் தூக்கினார். பேட்டரி ஒயரைக் கழற்றினார்.

பானெட் முன்கண்ணாடியை மறைத்து நின்றது. எஞ்சின் டிக், டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. சூடான இரும்பு ஆறும்போது அப்படித்தான் கேட்கும். சத்தம் நின்றதும் எடுத்துவிடும் என்று முண்டாசைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பத்து நிமிடம், இருபது நிமிடம். சத்தம் இடைவெளி விட்டுவிட்டுக் கேட்டது, மெலிந்தது, நின்றது. ஒயரை மாட்டிச் சாவியைத் திருப்பினார். ஒரே தடவையில் எடுத்துக்கொண்டது.

"பாத்தியாட்டி, எடுத்துருச்சு."

அவள் தலையணையில் சாய்ந்து கிடந்தாள். அசந்துவிட்டாள் என்று நினைத்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை மெதுவாகப் பேசிக்கொண்டே போனார். ஆஸ்பத்திரி வாசலில் பின்கதவைத் திறந்த நர்ஸம்மா அவள் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

இருதயம் பலவீனம், எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று சொந்தக்காரர்கள் ஆறுதல் சொன்னார்கள். அவரும் அப்படியே நம்பினார். நாலு மாதமாக அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிட்டார், படுத்தார்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் வீட்டுக்குள் இருந்தவருக்கு ஷெட்டிலிருந்து சத்தம் கேட்டது. டிக். கொஞ்சம் விட்டு, டிக், டிக். சூடான எஞ்சின் ஆறும் சத்தம். வண்டியை எடுத்து மூன்று நாள் ஆகியிருந்தது. போய் பானெட்டில் உள்ளங்கையை வைத்தார். கிணற்றுக்கல் போலக் குளிர்ந்திருந்தது. சத்தம் முன்பக்கமிருந்து வரவும் இல்லை.

மறுநாள் வண்டியைச் சந்தனத்தின் பட்டறையில் விட்டார். பம்ப்பை மாற்றச் சொன்னார். இடது கதவின் கைப்பிடியையும் சரிசெய்யச் சொன்னார். பின்பக்கம் ஏதோ தட்டுகிறது, அதையும் பார் என்றார்.

சாயங்காலம் போனபோது சந்தனம் அவரைப் பார்க்காமல் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கழற்றிய கதவின் உள்பலகை தரையில் கிடந்தது.

"பம்ப்பு மாத்தியாச்சு. வண்டி இனி உங்களுக்குக் கல்லு மாதிரி இருக்கும்" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்தார். "இது கதவுக்குள்ள கெடந்துச்சு அண்ணாச்சி. கண்ணாடி எறங்குற பள்ளத்துல."

பச்சை வளையல் துண்டுகள். ஏழெட்டு இருக்கும்.

சௌந்தரபாண்டியன் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். அங்காளம்மாள் போட்டிருந்தது. தரையில் கிடந்த பலகையைப் பார்த்தார். கைப்பிடியைச் சுற்றி ரெக்சின் நகத்தால் கீறப்பட்டு நூல் நூலாகத் தொங்கியது.

"சந்தனம். எஞ்சின் ஆறுறப்போ சத்தம் எம்புட்டு நேரம் கேக்கும்?"

"அஞ்சு நிமிஷம் கேக்கும். கூடிப்போனா பத்து."

அன்றைக்கு ரோட்டில் அந்தச் சத்தத்தை அவர் இருபது நிமிடத்துக்கு மேல் கேட்டிருந்தார். அது நின்றபோது சந்தோஷப்பட்டார்.

வண்டியை விற்றுவிடுவது என்று அன்றே முடிவு செய்தார். மூன்றாம் நாள் மாலை நாலரை மணிக்கு ராஜரத்தினம் என்பவர் மனைவியோடு வந்தார். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறிப் பட்டறை ஒன்றில் மேஸ்திரி. மனைவி பிரிஸ்கில்லா பள்ளிக்கூட டீச்சர். அவளுடைய அப்பாவுக்கு வைத்தியத்துக்காக வாராவாரம் மதுரைக்குப் போய் வர வேண்டும், அதற்குத்தான் கார் என்றார்கள்.

சௌந்தரபாண்டியன் காரின் பின்சீட்டைப் பார்த்தார். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். எதைச் சொல்வது? பம்ப் புதிது. கதவு புதிது. சந்தனம் கல்லு மாதிரி இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்.

"வண்டில கொறைன்னு ஒண்ணும் இல்லங்க" என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினார்கள். ராஜரத்தினம் ஓட்ட, சௌந்தரபாண்டியன் பக்கத்தில் உட்கார்ந்தார். பிரிஸ்கில்லா பின்னால், இடது பக்கம். ஏசி குளிர்ந்தது. எஞ்சின் அலுங்காமல் ஓடியது. "ஸ்மூத்தா இருக்கே" என்று ராஜரத்தினம் இரண்டு தடவை சொன்னார். மேற்கே மலைக்குப் பின்னால் வெயில் இறங்கி, வயல்களின் மேல் பழுப்பு வெளிச்சம் கிடந்தது.

வன்னியம்பட்டி விலக்கு வர இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது சௌந்தரபாண்டியனுக்குப் பிடரியில் அனல் பட்டது.

ஏசிக் காற்று வரும் துளையில் கையை வைத்தார். முன்னால் குளிர்ந்த காற்றுதான் வந்தது. பின்னாலிருந்துதான் அனல். அடுப்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்த மாதிரி. தைல வாடை. பிறகு அந்தச் சத்தம். டிக்.

"என்ன சத்தம் அது?" என்றார் ராஜரத்தினம்.

சௌந்தரபாண்டியன் திரும்பிப் பார்க்கப் பயந்தார். டிக், டிக். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பிரிஸ்கில்லாவின் முகம் தெரிந்தது. வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை.

"நிறுத்துங்க" என்றார். "ஓரமா நிறுத்துங்க."

வண்டி நிற்பதற்குள் இறங்கி ஓடிப் பின்கதவைத் திறந்தார். பிரிஸ்கில்லா அவர் மேலேயே சரிந்து வெளியே விழுந்தாள். ராஜரத்தினம் ஓடிவந்து தூக்கி உட்கார வைத்தார். பாட்டில் தண்ணீரைக் குடித்து, இருமி, மூச்சு சீராக வெகுநேரம் ஆனது.

"கைப்பிடி பக்கத்துலதான் இருந்துச்சு" என்றாள். "கையக் கொண்டுபோக முடியல. ஒரு அம்மா என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. கை அப்படிச் சுடுது."

"எந்த அம்மா?" என்றார் ராஜரத்தினம்.

"பயப்படாத தாயின்னு சொன்னாங்க. அவிய முன்னால நின்னு பாத்துக்கிட்டு இருக்காக, சரி பண்ணிருவாக, நாம தட்டுனா அவியளுக்குக் கேக்கும், பொறவு தொறப்பாகன்னு." சௌந்தரபாண்டியனை நிமிர்ந்து பார்த்தாள். "அந்த அம்மா யாருங்கய்யா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ராஜரத்தினம் சாவியை பானெட் மேல் வைத்தார். விலக்குப் பக்கமிருந்து வந்த மினிபஸ்ஸைக் கையைக் காட்டி நிறுத்தி மனைவியை ஏற்றிக்கொண்டு போனார். பஸ்ஸின் பின்விளக்கு மறையும் வரை சௌந்தரபாண்டியன் நின்ற இடத்திலேயே நின்றார்.

சாலை வெறிச்சோடியது. வயலில் தவளைகள். காரின் இடது பின்கதவு முழுதாக விரிந்து கிடந்தது. இருட்டு இன்னும் முழுதாக இறங்கவில்லை. உள்ளே பார்க்கும் அளவுக்கு வெளிச்சம் இருந்தது.

அவர் சாலையைப் பார்த்தபடியே நின்றார். பிறகு திரும்பினார்.

அங்காளம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்குக் கட்டியிருந்த ஊதாச் சேலை. நெற்றியில் மயிர் வேர்வையில் ஒட்டியிருந்தது. உதடு வெடித்திருந்தது. அவரைப் பார்க்கவில்லை. பார்வை அவரைத் தாண்டி எங்கோ போனது. கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளிருந்து வெளியே தேடுகிறவளின் பார்வை.

பயம் போய்விட்டது அவருக்கு. அழுகை வந்தது.

"அங்காளம்" என்றார். "எறங்கு. வாட்டி, வீட்டுக்குப் போவோம்."

கையை உள்ளே நீட்டினார். அவளுடைய கை சுட்டது. பிடித்த உள்ளங்கை பொரிந்தது. விடவில்லை. இழுத்தார். வரவில்லை. அவளுக்குத் தன்னை ஒருவர் தொடுவதே தெரியவில்லை. அந்தக் கை அவருடைய பிடியிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டு மேலே போனது. முகத்துக்கு நேரே, திறந்த வாசலின் வெறுங்காற்றில், விரல் முட்டியை மடக்கித் தட்டியது.

டிக்.

கண்ணாடியில் தட்டிய சத்தம்.

"கதவு தொறந்துருக்குட்டி. பாரு. தொறந்துதான் கெடக்கு."

டிக். டிக்.

கதவைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். தன் கையை அவள் முகத்துக்கும் காற்றுக்கும் நடுவே வீசிக் காட்டினார். ஒன்றும் தடுக்கவில்லை. அவள் உள்ளங்கை இரண்டையும் விரித்து அந்த வெறுங்காற்றில் அழுத்தினாள். இல்லாத கண்ணாடியில் விரல்கள் வெளுத்துச் சப்பையாயின. வாயைக் கொண்டுவந்து அதில் வைத்தாள். அவள் மூச்சு காற்றிலேயே வெள்ளையாகப் படிந்தது, சுருங்கியது, மறுபடி படிந்தது.

அவர் ரோட்டோரத்தில் மண்டியிட்டு, திறந்து கிடந்த அந்தக் கதவைத் திறக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார்.