பின்னறைக்கு வந்த சூறாவளி

எங்கள் வீட்டு வைஃபைக்கு என் பெயர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வம்பே அதில்தான் ஆரம்பித்தது.

சின்ன வயதில் நான் ஓரிடத்தில் நிற்காமல் ஓடுவேனாம். அதனால் அப்பா என்னைச் சூறாவளி என்று கூப்பிடுவார். மூன்று வருடத்துக்கு முன்னால் வைஃபை பெட்டியை மாட்ட வந்தவர், என்ன பெயர் வைக்கட்டும் என்று கேட்டதும் அப்பா யோசிக்காமல் அதையே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் யாராவது ஒருவர், "சூறாவளி வருதா?" என்று கேட்பார். "ரெண்டு கோடுதான் வருது" என்று இன்னொருவர் பதில் சொல்வார். புதிதாக வந்தவர்கள் பயந்துபோய் ஜன்னலை எட்டிப் பார்ப்பார்கள்.

பெயர் மட்டுமா? பெட்டியும் என் பொறுப்புதான். படம் பாதியில் நின்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் போய்ப் பெட்டியை அணைத்து, முப்பது எண்ணி, மறுபடி போடுவேன். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். ஆனால் பெரிய டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு செய்வேன்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, என் தங்கை மூக்கை நுழைக்கும்வரை.

அவளுக்கு ஒன்பது வயது. என்னைவிட இரண்டு வயது சின்னவள். எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பாள், அதனால் சுண்டெலி என்று பெயர்.

எங்கள் அம்மா தையல்காரர். பல வருடமாகவே அவருக்குத் தையல் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆசை. இப்போதுதான் போன் வழியாக வகுப்பு எடுக்கத் துணிந்திருந்தார். பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். சனிக்கிழமை நான்கு மணிக்கு முதல் வகுப்பு.

சிக்கல் என்னவென்றால், தையல் மெஷின் இருப்பது பின்னறையில். இரும்பு மேசையோடு சேர்த்து முடுக்கியிருப்பதால் அதை நகர்த்த முடியாது. கூடத்தில் இருக்கும் சூறாவளியோ, இரண்டு சுவரையும் ஒரு பீரோவையும் தாண்டிப் பின்னறைக்கு வராது. ஊசிக்கு மேலே போனை வைத்துச் சோதித்துப் பார்த்தபோது, அம்மாவின் கை பாதித் தையலில் அப்படியே உறைந்துபோய் நின்றது.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர். தன்னிடமிருந்த பழைய வைஃபை பெட்டியைக் கொடுத்தனுப்பினார். கூடத்துப் பெட்டியிலிருந்து ஒரு வயரை இழுத்து இதில் சொருகினால், பின்னறைக்கு இது இரண்டாவது பெட்டியாக வேலை செய்யுமாம். எப்படி என்று போனில் சொல்கிறேன் என்றார்.

நான் உடனே கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தேன்.

"உனக்குத் திங்கட்கிழமை பரீட்சை. நீ போய்ப் படி. சின்னவ பாத்துப்பா" என்றார் அம்மா.

சின்னவள் பார்த்துக்கொள்வாளாம். எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

சுண்டெலி அம்மாவின் அளவு நாடாவை எடுத்து, சுவரோரமாகத் தவழ்ந்து தவழ்ந்து வயருக்கு அளவெடுத்தாள். பதினோரு மீட்டர். இதை அம்மா அப்பாவிடம் சொன்னார், பக்கத்து வீட்டில் சொன்னார், சாப்பிடும்போது மறுபடி ஒருமுறை சொன்னார். ஒரு நாடாவைப் பிடித்து அளந்ததற்கு இவ்வளவு பெருமையா? நான் தினமும் முப்பது எண்ணுகிறேன், அதை யாராவது பக்கத்து வீட்டில் சொன்னார்களா?

வியாழக்கிழமை சாயங்காலம் மாமா கூப்பிட்டார். சுண்டெலி போனை மேசைமேல் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து படிப்பதுபோல் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பெட்டிக்கும் ஒரே முகவரி இருக்கக் கூடாது, புதுப் பெட்டியின் முகவரியை மாற்று என்றார் மாமா. அவள் எழுதிக்கொண்டாள். அப்போது வாசல் மணி அடித்தது. தைத்த துணியை வாங்க யாரோ வந்திருந்தார்கள். அம்மா குளித்துக்கொண்டிருந்ததால் சுண்டெலி எழுந்து ஓடினாள்.

அது தெரியாமல் மாமா பேசிக்கொண்டே போனார்.

"ரெண்டாவது விஷயம்தான் ரொம்ப முக்கியம். வைஃபைல சேர்ற ஒவ்வொரு போனுக்கும் ஒரு நம்பர் வேணும். டாக்டர்கிட்ட போனா டோக்கன் தர்றாங்க இல்ல, அந்த மாதிரி. அந்த நம்பரைக் கூடத்துப் பெட்டி மட்டும்தான் குடுக்கணும். புதுப் பெட்டியில அந்த வேலையை நிறுத்திடு. ரெண்டு பேரும் டோக்கன் குடுத்தா எல்லாம் குழம்பிடும். எழுதிட்டியா?"

எதிரில் நாற்காலி காலியாக இருந்தது. நோட்டு திறந்தபடி கிடந்தது. அவள் இங்கே இல்லை மாமா என்று சொல்லியிருக்கலாம். நானே எழுதி வைத்திருக்கலாம்.

"ம்" என்றேன்.

போனில் எங்கள் இருவர் குரலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மாமா மூன்றாவது விஷயத்தை ஆரம்பிக்க, சுண்டெலி மூச்சிரைக்க ஓடிவந்து பென்சிலை எடுத்தாள். அதற்குமேல் எனக்கு அங்கே உட்காரத் தைரியம் இல்லை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை அம்மாவும் சுண்டெலியும் வயரை இழுத்தார்கள். அப்பாவின் லேப்டாப்பைப் புதுப் பெட்டியோடு இணைத்து, நோட்டைப் பார்த்துப் பார்த்து அவள் தட்டினாள். எனக்குப் படிப்பே ஓடவில்லை. அந்தப் பெட்டிக்கு அவள் என்ன பெயர் வைப்பாள்? வேறென்ன, சுண்டெலி என்றுதான் வைப்பாள். இனிமேல் வீட்டில், "சுண்டெலி வருதா?" என்று கேட்பார்கள். என்னை யாரும் கேட்க மாட்டார்கள்.

ராத்திரி சாப்பிட்டதும் அம்மாவின் போனில் வைஃபை பட்டியலைத் திறந்து பார்த்தேன். சூறாவளி மட்டும்தான் இருந்தது. சுண்டெலியைக் காணோம். அப்படியானால் புதுப் பெட்டி வேலையே செய்யவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் ஏனோ தூக்கம் சரியாக வரவில்லை.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஒத்திகை. பின்னறையில் போன் எல்லாக் கோட்டையும் காட்டியது, ஆனால் எதுவும் திறக்கவில்லை. போனை அணைத்துப் போட்டால் வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி போய்விட்டது. சுண்டெலி நோட்டை வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள். எல்லாவற்றையும் செய்திருந்தாள். மாமாவைக் கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது. அவர் ஊருக்குப் போயிருந்தார்.

எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டியது போல இருந்தது. கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது.

மூன்றேகால் ஆனது. தையல் தெளிவாகத் தெரிய வேண்டுமென்று அம்மா வெள்ளைத் துணியில் சிவப்பு நூல் போட்டுத் தயாராக வைத்திருந்தார். இப்போது ஊசியிலிருந்து அந்த நூலை மெதுவாக உருவினார்.

"பரவாயில்லடா செல்லம், இன்னிக்கு வகுப்பு இல்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்" என்றார்.

சுண்டெலி புதுப் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என்னால்தான் கெட்டது என்று அழுதாள்.

அவள் மூக்கு உடைபட வேண்டும் என்றுதானே இரண்டு நாளாகக் காத்திருந்தேன்? இப்போது உடைந்துவிட்டது. பார்க்க நன்றாகவே இல்லை.

"அம்மா, யாருக்கும் சொல்லாதீங்க. எனக்குப் பத்து நிமிஷம் குடுங்க" என்றேன்.

அப்போதும் எனக்குப் புத்தி முழுசாக வரவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சரிசெய்துவிட்டு, இதுகூடத் தெரியலையா என்று எல்லார் முன்னாலும் கேட்க நினைத்திருந்தேன். அவள் நோட்டில் இருந்த முகவரியைப் போட்டு, லேப்டாப்பில் புதுப் பெட்டியின் பக்கத்தைத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது பெயர்.

சூறாவளி.

கூடத்துப் பெட்டியைத்தான் தவறித் திறந்துவிட்டேனோ என்று வயரைப் பார்த்தேன். இல்லை, இதே பெட்டிதான்.

"இதுக்கு எதுக்கு என் பேரை வெச்சே?" என்று கேட்டேன்.

அவள் மூக்கை உறிஞ்சினாள். "ரெண்டுக்கும் ஒரே பேரும் ஒரே பாஸ்வேர்டும் இருக்கணும்னு மாமா சொன்னாரு. அப்பதான் போனோட நடந்தா தானா மாறிக்குமாம். புதுப் பேர் வேணும்னா ரெண்டுலயும் மாத்திக்கோன்னாரு. நான்தான் வேணாம்னுட்டேன்."

"ஏன்?"

"அது உன் பெட்டிதானே அக்கா."

கேட்க நினைத்திருந்த கேள்வி எங்கே போனதென்றே தெரியவில்லை. குனிந்துகொண்டு தேடினேன். நம்பர் கொடுக்கும் வேலை அடுத்த பக்கத்தில் இருந்தது. அதை நிறுத்தினேன். பிறகு இரண்டு பெட்டிகளையும் போனையும் அணைத்துவிட்டு, நானும் அவளும் சேர்ந்து முப்பது எண்ணினோம். அவள் அழுகையில் பதினேழை விட்டுவிட்டாள். நானும் அதை விட்டுவிட்டுப் பதினெட்டு என்றேன்.

மறுபடி போட்டோம். அம்மா போனைக் கையில் பிடித்துக் கூடத்துக்கும் பின்னறைக்கும் நாலு தடவை நடந்தார். படம் நிற்கவே இல்லை. நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அம்மா ஊசியில் சிவப்பு நூலை மறுபடி கோத்தார்.

பன்னிரண்டு முகமும் போனில் வந்தன. "எல்லாம் தெளிவா தெரியுதா? என் சின்னப் பொண்ணு போட்டுக் குடுத்த வைஃபை" என்று அம்மா சிரித்தார். எனக்குக் கொஞ்சம் எரியத்தான் செய்தது. ஆனால் பெயராவது என்னுடையதுதானே, அது போதும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

சுண்டெலி என்னைக் கதவோரம் இழுத்தாள். "நீ நிறுத்தின விஷயம் என் நோட்டுலயே இல்லையே. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

சொன்னேன். வாசல் மணி, காலி நாற்காலி, நான் சொன்ன "ம்", எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் சிவந்துவிட்டது. என் கையை நறுக்கென்று கிள்ளினாள். வலித்தது, ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

உள்ளே அம்மாவின் மெஷின் ஓட ஆரம்பித்தது.

"இனிமே பின்னறைப் பெட்டிக்கு நான்தான் முப்பது எண்ணுவேன். மாமா பேசினா ரெண்டு பேரும் சேர்ந்துதான் கேக்கணும். சரியா?" என்றாள்.

"ம்" என்றேன். இந்த முறை அவள் என் எதிரில்தான் இருந்தாள்.