பாடுகிறவளுக்கு முன்னால்

வயலின் இடப்பக்கம் இருந்தது, தபலா வலப்பக்கம் இருந்தது. பாடுகிறவள் இரண்டுக்கும் நடுவே, காலிச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அதில் தங்கச்சனுக்கு ஒரு குறையும் இல்லை. அவளுக்கு வலப்புறம் ஒரு முழம் தள்ளி, இன்னொருவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்ததுதான் சரியில்லை.

கோட்டயத்தில் ஒரு நாளிதழில் பத்தொன்பது வருடமாக மெய்ப்புத் திருத்துகிறவன் அவன். ராத்திரி முழுக்கப் பக்கங்களைப் பார்த்துவிட்டு விடிந்து வீடு திரும்பும்போது, மனைவி ஆன்ஸி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். அவள் நர்ஸ். கணவனை இச்சாயா என்றுதான் கூப்பிடுவாள். வாசலில் நின்று சாவியைக் கைமாற்றிக்கொள்வார்கள். பிறகு சாயங்காலம் வரை, பின்னால் ரப்பர் தோட்டமும் முன்னால் மழையுமாக, அந்த வீட்டில் அவன் மட்டும்தான்.

"பேச்சே இல்லாத வீட்டுல இருந்து இருந்து, நீங்களும் பேச மறந்துட்டீங்க இச்சாயா. ஏதாவது பாட்டாவது போடுங்க" என்று ஆன்ஸி சொன்ன பிறகுதான் அவன் பழைய ரேடியோ, ஸ்பீக்கர் விற்கிற சோமன் சேட்டனின் கடைக்குப் போனான். சோப்புப் பெட்டி அளவில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், புத்தக அலமாரியில் வைக்கக்கூடிய இரண்டு பழைய ஸ்பீக்கர்கள். விலை குறைந்தவைதான். ஆனால் சோமன் சேட்டன் சொன்னபடி டிவியை உள்ளறைக்கு மாற்றி, ஸ்பீக்கர்களை அகட்டி வைத்து, கூடத்தின் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தபோது, தங்கச்சனுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடம் கேட்ட அதே தாலாட்டுப் பாட்டுதான். ஆனால் அந்தப் பெண் அவனுடைய கூடத்துக்கே வந்து பாடினாள்.

மூன்றாம் நாள் பிற்பகலில்தான் அந்த மூச்சைக் கேட்டான். ஒரு பக்கம் நிறைய சரியான எழுத்துகள் இருந்தாலும் தவறான ஒரே எழுத்து மட்டும் அவன் கண்ணில் வந்து விழும். அதைப் போலத்தான் இதுவும் காதில் விழுந்தது. இரைச்சல் இல்லை. உள்ளே போய், சற்று நின்று, ஈரமாக வெளியே வருகிற மூச்சு. பாடுகிறவள் மூச்சு வாங்கும் இடங்களில் அது வாங்கவில்லை. அதற்கென்று தனி நிதானம் இருந்தது.

பாட்டைப் பதிவு செய்த அன்றைக்குப் பக்கத்தில் யாராவது நின்றிருப்பார்கள் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆனாலும் மனம் கேட்கவில்லை. எழுந்து போய் வயர்களைக் கழற்றி, இடதை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிச் செருகினான். வயலின் வலப்பக்கம் போயிற்று. தபலா இடப்பக்கம் வந்தது.

மூச்சு போகவில்லை. அங்கேயேதான் நின்றது.

வலது ஸ்பீக்கரின் வயரை மட்டும் பிடுங்கினான். பாட்டு முழுவதும் இடப்பக்கம் சாய்ந்துகொண்டது. அந்த மூச்சு மட்டும் இருந்த இடத்திலேயே, கண்ணாடிப் பாத்திரங்கள் அடுக்கிய அலமாரிக்குப் பக்கத்தில், உள்ளே போயிற்று, வெளியே வந்தது. ஸ்பீக்கர்கள் அவன் இடுப்பு உயரத்தில் இருந்தன. அந்தச் சத்தமோ நிற்கிற ஓர் ஆளுக்கு வாய் இருக்கக்கூடிய உயரத்தில் இருந்தது. கொஞ்சம் உயரமான ஆள்.

ஸ்விட்சை அணைத்தான். எல்லாம் நின்றது. கூரையில் மழை மட்டும்.

மறுநாள் அந்த மூச்சு அலமாரியை விட்டு நகர்ந்திருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டடி. ஒவ்வொரு நாளும் வேண்டாம் என்றுதான் நினைத்தான். ஆனால் போட்டுப் பார்க்காமல் அது எங்கே இருக்கிறது என்பதை அறிய வழியில்லை. ஆறாம் நாள் பாட்டைப் போட்டபோது மூச்சே கேட்கவில்லை. அப்பாடா என்று அவன் நாற்காலியில் சாய்ந்த பிறகுதான் பாட்டில் ஏதோ மாறியிருப்பது உறைத்தது. வயலின் துல்லியமாக இருந்தது. தபலாவில் விரல் படுவது கூடத் தனியாகக் கேட்டது. பாடுகிறவளின் குரல் மட்டும் கம்பளிக்குப் பின்னாலிருந்து வருவதைப் போல மங்கிக் கிடந்தது.

யாரோ அவளுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆன்ஸி வீட்டில் இருந்தாள். சர்ச்சிலிருந்து வந்து, கப்பக்கிழங்கும் மீன் கறியும் சாப்பிட்டு முடித்ததும், அவளைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தான்.

"என்ன இச்சாயா, கல்யாணத்தப்போ கூட எனக்கு இவ்வளவு மரியாதையா நாற்காலி போடல."

"பேசாம கேளு."

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கால் தாளம் போட்டது. அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சுகமா இருக்கு" என்றாள். பிறகு நெற்றி சுருங்கியது. "ஆனா இந்தப் பாடுற பொண்ணுக்கு ஜலதோஷமா?"

அவன் பாய்ந்து போய் அணைத்தான். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னான். ஆன்ஸி சிரிக்கவில்லை. நோயாளிக்குச் செய்கிற மாதிரி அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள்.

"பகல்ல எத்தனை மணி நேரம் தூங்குறீங்க? உண்மையச் சொல்லணும்."

"நீயும்தானே கேட்ட, ஆன்ஸி?"

"நான் கேட்டது மட்டமான ஸ்பீக்கர். தூக்கம் இல்லாதவங்களுக்குச் சுவர் கூடப் பேசும், நான் எங்க வார்டுல தினமும் பாக்கறேன். நாளைக்கே அதக் கொண்டுபோய்க் கடையில குடுங்க. எனக்கு உங்களப் பாத்தா பயமா இருக்கு."

திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தான். சோமன் சேட்டன் கடையிலேயே இணைத்து அதே பாட்டைப் போட்டுக் காட்டினார். குரல் கண்ணாடி மாதிரி இருந்தது.

"இதுல என்ன குறை கண்டீங்க? இனி பாட்டுக்காரியே நேர்ல வந்தாத்தான் உண்டு."

"இங்க சரியாத்தான் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தங்கச்சன் வெளியே வந்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆன்ஸி போன பிறகு கதவைச் சாத்திவிட்டுப் படுத்தான். கர்க்கடக மாதத்து மழை, வெளிச்சம் என்று பேருக்கு ஒரு சாம்பல் நிறம். எந்நேரமும் தோட்டத்துப் பக்கமிருந்து வரும் ரப்பர் பாலின் புளித்த வாடையோடு, நனைந்து மடித்து வைத்து மறந்துபோன துணியின் வாடை ஒன்று வீட்டுக்குள் கலந்திருந்தது. ஃபிரிட்ஜ் ஒருமுறை உறுமி ஓய்ந்தது. பிற்பகலில் மழை கொஞ்சம் தணிந்தது. அப்போது கேட்டது.

உள்ளே போய். சற்று நின்று. ஈரமாக வெளியே.

எழுந்து உட்கார்ந்தான். எங்கிருந்து? கூடத்திலா? கூடத்துக்குப் போனான். அங்கேயும் அதே அளவு. சமையலறையிலும் அதே அளவு. குளியலறைக் கதவைத் திறந்தான், மூடினான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எந்தப் பக்கம் தலையைத் திருப்பினாலும் அது அந்தப் பக்கம் இருப்பதாகவும் இல்லாததாகவும் தோன்றியது. நேற்று வரை அதற்கு ஓர் இடம் இருந்தது. அலமாரிப் பக்கம், சுவர்ப் பக்கம் என்று விரல் நீட்டிச் சொல்ல முடிந்தது. இப்போது வீடு முழுக்க அதுதான்.

குடையைக் கூட எடுக்காமல் ஓடினான்.

"என்ன தங்கச்சா, நேத்து வேண்டாம்னு வச்சுட்டுப் போனீங்க, இன்னிக்கு நனைஞ்சுக்கிட்டு வந்து கேக்கறீங்க? காதலிச்ச பொண்ணா இது?" என்றார் சோமன் சேட்டன்.

"குடுங்க சேட்டா. அது எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியணும்."

"எது?"

தங்கச்சன் பெட்டிக்காகக் கையை நீட்டினான். சோமன் சேட்டனும் அதற்கு மேல் கேட்காமல் அட்டைப் பெட்டியை பாலிதீனில் சுற்றிக் கொடுத்தார். ஈரக் கையோடு வீட்டில் வயர்களைச் செருகுவதற்குள் சாயங்காலமாகிவிட்டது. ஸ்பீக்கர்களை அதே இடத்தில் வைத்தான். நாற்காலியை அதே இடத்தில் போட்டான். பாட்டைப் போட்டான்.

வயலின் இடப்பக்கம். தபலா வலப்பக்கம். நடுவே அவள். குரல் சுத்தமாக, நெஞ்சுக்கு நேராக வந்தது. அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. அலமாரிப் பக்கம் யாரும் இல்லை. இடமூலையில், வலமூலையில், சுவரோரத்தில், ஒவ்வோர் இடமாகக் காதால் தேடினான். யாருமே இல்லை. வீடெங்கும் நிறைந்திருந்த மூச்சும் நின்றிருந்தது. அவனுக்கு அழுகை வந்தது. இவ்வளவுதானா, தூக்கம் இல்லாததுதானா, ஆன்ஸி சொன்னதுதான் சரியா என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டான். பாட்டு முடிந்ததும் மறுபடி போட்டான். மறுபடியும்.

இடி இடித்தது. கரண்ட் போயிற்று.

பாடுகிறவள் பாதிச் சொல்லில் அறுந்தாள். ஆம்ப்ளிஃபயரின் நீலப் புள்ளி அணைந்தது. ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சத்தில் இரண்டு ஸ்பீக்கர்களும் இரண்டு கறுப்புப் பெட்டிகளாகத் தெரிந்தன. அவன் அசையாமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூச்சு இல்லை. மழைதான்.

ஸ்பீக்கர்கள் இரண்டும் தனக்கு முன்னால்தான் இருக்கின்றன என்பது அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது. முன்னால் இருப்பதைத்தான் அவை சொல்லும்.

திரும்பிப் பார்க்க நினைத்தான். கழுத்து திரும்பவில்லை.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. குடையை உதறும் சத்தம். அவனுக்கு எதிரே கதவு திறந்து, ஆன்ஸி ஈரச் செருப்போடு உள்ளே வந்தாள்.

"கரண்ட் இல்லையா? ஒரு மெழுகுவத்தி கூட ஏத்தாம..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். சட்டென்று துப்பட்டாவைச் சரி செய்துகொண்டாள். விருந்தாளிகளைப் பார்த்தால் வருகிற சிரிப்பு அவள் முகத்தில் வந்தது. அவள் பார்த்தது அவனை இல்லை. அவன் தலைக்கு மேலே, நன்றாக மேலே.

"என்ன இச்சாயா நீங்க? வந்தவங்கள நிக்க வச்சுட்டு நீங்க மட்டும் உக்காந்திருக்கீங்க?"

அவன் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"யாருன்னு தெரியலையே" என்று சொல்லிக்கொண்டே ஆன்ஸி கைப்பேசியின் விளக்கைப் போட்டு உயர்த்தினாள்.

சிரிப்பு அப்படியே நின்றது. உதடுகள் மட்டும் சிரித்தபடி இருந்தன. கண்கள் வேறாகிவிட்டன. குடை கையிலிருந்து நழுவி விழுந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

தங்கச்சன் அவள் கண்களையே பார்த்தான். பார்க்க வேறெதுவும் இல்லை. அவை உயரத்தில் இருந்தன. பிறகு இறங்கத் தொடங்கின. மெதுவாக. மிக மெதுவாக. யாரோ குனிவதைப் பார்க்கிற கண்கள். அவன் தலை உயரத்துக்கு வந்தன. நெற்றி உயரத்துக்கு வந்தன.

அவன் காதருகே வந்து நின்றன.